ஊரார் கூரைகளில் ஒரு வலையமைப்பு: கேள்விகளும் பதில்களும்

ஓர் ஊரைச் சேர்ந்தவர்கள் தங்கள் வீட்டுக் கூரைகளில் தாங்களே ஆன்டெனாவும் ரௌட்டரும் பொருத்தி, கூரைக்குக் கூரை வைஃபை அலைவழியே இணைத்துக்கொள்வதைச் சமூகக் கம்பியில்லா வலையமைப்பு என்கிறோம். பெர்லினில் ஃப்ரைஃபுங்க் என்னும் தன்னார்வ இயக்கத்தினரோடு பல ஆண்டுகளாகக் கூரை ஏறி வருபவன் என்ற முறையில், எனக்கு வந்த கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவர், விழுப்புரம்): கைபேசி டேட்டா மலிவாகக் கிடைக்கும் காலத்தில் ஊரார் தனியாக வலையமைப்பு அமைப்பதற்கு என்ன தேவை இருக்கிறது, ஐயா?

விலை மட்டுமே காரணமாக இருந்தால் தேவை குறைவுதான். ஸ்பெயினின் கட்டலோனியாப் பகுதியில் ஒசோனா என்னும் வட்டாரம் இருக்கிறது. அங்கே சிற்றூர்களுக்கும் பண்ணைகளுக்கும் அகலக்கற்றை இணைப்புத் தர நிறுவனங்கள் முன்வராததால், 2004-இல் அந்த ஊர்க்காரர்களே வைஃபை இணைப்புகளைக் கட்டத் தொடங்கினார்கள். குய்ஃபி என்று பெயர்பெற்ற அந்த வலையமைப்பு இன்று 30,000-க்கும் மேற்பட்ட கணுக்களை, அதாவது கருவி பொருத்திய இணைப்பு முனைகளை, கொண்டிருக்கிறது. பின்னாளில் கண்ணாடி இழையும் பதித்தார்கள். ஆனால் என்னை ஈர்த்தது அதன் அளவு அன்று. அவர்கள் எழுதிக்கொண்ட பொது உரிமம். கருவி அதை வாங்கியவருக்கே சொந்தம். எனினும் அவருடைய கூரை வழியாகப் பிறருடைய தரவு கடந்து போவதை அவர் மறிக்கக் கூடாது. வயல் வரப்பு நம்முடையதே ஆனாலும் அதன்மேல் ஊரார் நடந்து போவதை நாம் தடுப்பதில்லையே, அதைப் போன்றது இது. இத்தகைய உறவு நம் ஊருக்கு வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

கேள்வி (பள்ளி ஆசிரியை, நீலகிரி): எங்கள் பள்ளியிலிருந்து எதிர்மலைக் குடியிருப்பு 5 கிலோமீட்டர் தொலைவில் கண்ணுக்குத் தெரிகிறது. இடையில் சில்வர் ஓக் மரங்கள் சற்றே தாழ்வாக நிற்கின்றன. 5.8 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு நிலைக்குமா?

அம்மா, கண்ணுக்குத் தெரிவது மட்டும் போதாது. வானலை ஒற்றை நூல் போலச் செல்வதில்லை. இரு ஆன்டெனாக்களுக்கும் நடுவில் வெள்ளரிக்காய் வடிவில் பருத்துச் செல்கிறது. ஃப்ரெனெல் மண்டலம் எனப்படும் இந்த வெளியின் ஆரம், தாங்கள் சொல்லும் தொலைவுக்கும் அலைவரிசைக்கும், நடுப்பகுதியில் ஏறத்தாழ 8 மீட்டர் வருகிறது. அதில் 60 விழுக்காடாவது திறந்திருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. ஆகவே பார்வைக்கோட்டுக்குக் கீழே சுமார் 5 மீட்டர் வரை எந்த மரமும் எட்டக் கூடாது. 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் ஆரம் 12 மீட்டரைத் தாண்டுவதால் இடைவெளி இன்னும் அதிகமாகத் தேவைப்படும். கோடையில் சோதித்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். நனைந்த இலைகள் அலையை உறிஞ்சும், மரமும் ஆண்டுதோறும் வளரும். மழைக்காலத்திலும் ஒரு முறை அளந்து பாருங்கள்.

மரத்தை வெட்டச் சொல்ல எனக்கு மனமில்லை. முகட்டில் யாருடைய வீட்டிலாவது இடைநிலைக் கணு ஒன்று வைக்க முடியுமா என்று கேளுங்கள். அங்கே ஒரே ரேடியோவை வைத்தால், அது வாங்குவதையும் அனுப்புவதையும் மாறி மாறிச் செய்வதால் வேகம் பாதியாகிவிடும். இரண்டு ரேடியோக்களை வெவ்வேறு அலைத்தடங்களில் வையுங்கள்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 2000-களின் நடுப்பகுதியில், பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரப் பார்வை மையங்களோடு நெடுந்தொலைவு வைஃபை மூலம் இணைத்தார்கள். நோயாளி தம் ஊர் மையத்தில் அமர்ந்தபடியே தேனியிலிருக்கும் மருத்துவரிடம் காணொலி வழியே கண்ணைக் காட்ட முடிந்தது. சாதாரண வைஃபை நெறிமுறை குறுந்தொலைவுக்கென அமைந்தது என்பதால், இரு முனைகளும் நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டு பேசும்படி மென்பொருளை மாற்றினார்கள். பழுதுகளில் பெரும்பாலானவற்றுக்கு அலை காரணமாக இருக்கவில்லை. ஏறி இறங்கும் மின்சாரமே காரணமாக இருந்தது. ஆகவே ஆன்டெனாவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைத் தயங்காமல் பேட்டரிக்கும் மின்னழுத்தச் சீராக்கிக்கும் கொடுங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): இந்தியச் சட்டம் இதை அனுமதிக்கிறதா?

2.4 கிகாஹெர்ட்ஸை வெளியிடங்களிலும் உரிமமின்றிப் பயன்படுத்தும் அனுமதி 2005-இல் வந்தது. 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதி 2018-இல் விடுவிக்கப்பட்டது. ஆற்றல் வரம்புகளை மட்டும் மீறாதீர்கள். ஊருக்குள்ளேயே கோப்புகளும் பாடங்களும் பகிர்வது ஒன்று, இணையச் சேவையை விற்பது வேறு. விற்பதாயின், 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம்-வாணி என்னும் நடுவண் அரசுத் திட்டத்தின்கீழ்ச் சிறு கடைக்காரரும் உரிமக் கட்டணமின்றிப் பொது வைஃபை வழங்கலாம்.

கேள்வி (அடுக்ககச் சங்கச் செயலர், சென்னை): யார் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பதை முழுவதும் பதிவு செய்துவைத்தால் எல்லாருக்கும் பாதுகாப்புத்தானே?

இல்லை என்றே உறுதியாகச் சொல்வேன். சட்டம் கேட்கும் இணைப்புப் பதிவைக் காத்து வைப்பது கடமை. அதற்கு மேல் அயலாரின் வாழ்க்கையை எட்டிப் பார்ப்பது கடமையாகாது. தபால்காரர் முகவரியைப் படிக்கிறார், கடிதத்தைப் பிரிப்பதில்லை. சமூக வலையமைப்பினர் பலர் ஏற்றுக்கொண்ட பிக்கோ பியரிங் உடன்பாடு, கடந்து செல்லும் தரவை மாற்றவோ அதில் குறுக்கிடவோ கூடாது என்று தெளிவாகக் கூறுகிறது.

ஜெர்மனியில் இந்தக் கொள்கைக்குச் சோதனை வந்தது. சரியாகப் பாதுகாக்கப்படாத வைஃபை வழியே வேறொருவர் குற்றம் செய்தால் அதன் உரிமையாளரும் பொறுப்பாகலாம் என்று 2010-இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, தங்கள் இணைப்பைத் திறந்துவைக்கப் பலர் அஞ்சினார்கள். பயனர்களைக் கண்காணிக்கத் தொடங்குவதா, கதவை மூடிவிடுவதா என்ற நிலையில், ஃப்ரைஃபுங்க் குழுக்கள் தரவை விபிஎன் என்னும் மறைகுறியாக்கிய தனிவழியே வேறிடத்தில் இணையத்துக்குள் விட்டுப் பிழைத்தன. 2015-இல் அகதிகள் தங்குமிடங்களுக்கும் இணைப்புக் கொடுத்தன. பொறுப்பைத் தளர்த்தும் சட்டத் திருத்தம் 2017-இல்தான் வந்தது. அத்தனை ஆண்டுகள் அவர்கள் காத்திருந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். தங்கள் சங்கத்தில் ஒரு கேள்வியை முன்வையுங்கள்: என் வீட்டுப் பதிவைப் பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருக்க நான் சம்மதிப்பேனா?

கேள்வி (யாழ்ப்பாணம்): அண்ணா, கட்டணம் வாங்கலாமா? காசு வந்தால் நோக்கம் கெட்டுவிடும் என்று எங்கள் குழுவில் சிலர் சொல்கிறார்கள்.

தம்பி, காசால் நோக்கம் கெடுவதில்லை, மறைவான கணக்கால்தான் கெடுகிறது. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில் மங்கோசி என்னும் ஊரார், மேற்குக் கேப் பல்கலைக்கழகத்தின் துணையோடு வலையமைப்பு அமைத்து, 2014-இல் அதைக் கூட்டுறவாகப் பதிவு செய்தார்கள். ஜென்ஜெலேனி என்பது அதன் பெயர். உங்களுக்கு நீங்களே செய்துகொள்ளுங்கள் என்பது ஹோசா மொழியில் அதன் பொருள். மின்சாரம் எட்டாத வீடுகளில் கணுக்களுக்காக வைத்த சூரியத் தகடுகளிலிருந்தே கைபேசிகளுக்குக் குறைந்த கட்டணத்தில் மின்னேற்றிக் கொடுத்து, அந்த வருமானத்தை ஊரிலேயே தங்கவைத்தார்கள். நீங்களும் வாங்குங்கள்; வரவையும் செலவையும் மாதந்தோறும் ஊர் பார்க்கும் இடத்தில் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): மூன்று ஆண்டுகளாக எங்கள் பகுதி வலையமைப்பை நான் ஒருவனே பார்த்துக்கொள்கிறேன். இரவு பதினொரு மணிக்கும் அழைக்கிறார்கள். சலிப்பாக இருக்கிறது, விட்டுவிட நினைப்பதே தவறோ என்றும் தோன்றுகிறது.

இந்தக் கேள்வியை நான் பலமுறை படித்தேன், ஏனெனில் நானும் இதே இடத்தில் நின்றிருக்கிறேன். ஒரு காலத்தில் நாங்கள் பொருத்திய கணுக்கள் அனைத்தின் கடவுச்சொற்களும் என்னிடம் மட்டுமே இருந்தன. பாதுகாப்புக்காக என்று சொல்லிக்கொண்டேன். காய்ச்சலில் நான் படுத்திருந்த வாரத்தில் ஒரு கணு பழுதாகி, நான்கு தெருக்கள் இணைப்பின்றி இருந்தன. சரிசெய்யத் தெரிந்த இளைஞர்கள் இருவர் கடவுச்சொல் இல்லாமல் கைகட்டி நின்றார்கள். நான் இல்லாமல் நடக்கக் கூடாது என்ற ஆசை எனக்குள் இருந்ததை அன்றுதான் ஒப்புக்கொண்டேன். பொதுவுடைமை என்று பேசிக்கொண்டே சாவியை மடியில் முடிந்துவைத்திருந்தேன்.

உங்கள் நிலை அப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. உங்களுக்கு உண்மையிலேயே ஆள் கிடைக்காமல் இருக்கலாம். ஆனாலும் ஒரு தாளில் இரண்டு பட்டியல் எழுதிப் பாருங்கள். நீங்கள் மட்டுமே செய்யக்கூடியவை ஒன்று, பிறருக்குக் கற்றுக்கொடுக்காமல் விட்டவை மற்றொன்று. இரண்டாவது பட்டியல் நீளமாக இருந்தால், அடுத்த மூன்று மாதங்களுக்குப் புதிய கணு எதுவும் அமைக்காமல் கற்பிப்பதை மட்டும் செய்யுங்கள். இரவு அழைப்புகளுக்குக் காலையில் பதில் சொல்வதாக அறிவித்துவிடுங்கள். சேவைக்கு உத்தரவாதம் இல்லை என்பதும் பிக்கோ உடன்பாட்டில் எழுதப்பட்டதே. விலகுவது தவறன்று, யாரிடமும் ஒப்படைக்காமல் விலகுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): நாளையே தொடங்க விரும்புகிறோம். முதலில் எதை வாங்க வேண்டும்?

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். மொட்டை மாடியில் ஏறி, எந்தெந்தக் கூரைகள் தெரிகின்றன என்று வரைந்துகொண்டு, அந்த வீட்டாரிடம் போய்ப் பேசுங்கள். மூன்று வீட்டார் சம்மதித்தால், ஓபன்டபிள்யூஆர்டி என்னும் திறந்தமூல ரௌட்டர் மென்பொருளை ஏற்கும் ஒரே வகை ரௌட்டர்களை வாங்கி, அதன் அடிப்படையில் அமைந்த லிப்ரேமெஷ் என்னும் சமூக வலையமைப்பு மென்பொருளை நிறுவுங்கள். கணுக்கள் தமக்குள் வழி கண்டுபிடித்துக்கொள்ளும். கம்பத்துக்கு எர்த் கொடுக்காமல் ஆன்டெனாவை ஏற்றாதீர்கள், வடகிழக்குப் பருவமழையின் இடிமின்னலுக்கு முன்பே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.