நெறி ஏன் கட்டுகிறது? நோய் எதிர்ப்புச் சக்தி பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: பையனுக்கு உள்ளங்காலில் முள் குத்திச் சீழ் வைத்தது. நெறி கட்டியதோ தொடையிடுக்கில். இரண்டுக்கும் என்ன சம்பந்தம், மேடம்?

பதில்: நேரடிச் சம்பந்தம்மா. காலிலிருந்து வரும் நிணநீர் (திசுக்களிலிருந்து வடியும் திரவம்) போய்ச் சேரும் முடிச்சுகள் அங்கேதான் இருக்கின்றன. புண்ணில் கிருமியை விழுங்கிய டென்ட்ரைட்டிக் செல்கள் என்ற காவல் செல்கள், அதன் துண்டுகளைத் தங்கள் மேல்பரப்பில் ஏந்திக்கொண்டு அந்த முடிச்சுக்கு வரும். அந்தப் பக்கமாகப் போகிற, வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்களிடம் ஒவ்வொன்றாகக் காட்டும். லட்சத்தில் ஒன்றுக்குப் பொருந்தினாலே அதிகம். பொருந்திய செல் அங்கேயே தங்கி, இரண்டாக, நான்காக, எட்டாகப் பெருகும். பக்கத்திலேயே, கிருமியோடு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளைச் சுரக்கிற பி செல்களும் பெருகும். நம் விரலுக்குத் தட்டுப்படுகிற நெறி அந்தப் பெருக்கம்தான். புண் ஆறிச் சில வாரங்கள் ஆன பிறகும் கரையாமல், வலியே இல்லாமல் கெட்டியாக வளர்ந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். நம் மரபணுக்கள் சுமார் 20,000தான் என்கிறார்கள். புதிதாக வரும் கிருமிக்கும் பொருந்துகிற செல் எப்படி முன்னாலேயே உடம்பில் இருக்கும்?

பதில்: தம்பி, நல்ல இடத்தில் பிடித்தாய். 1976இல் ஜப்பானிய விஞ்ஞானி சுசுமு டோனெகாவா கண்டறிந்து காட்டியது இதைத்தான். 1987இல் நோபல் பரிசு பெற்றார். பி செல் எலும்பு மஜ்ஜையில் வளரும்போது தன் மரபணுத் துண்டுகளைத் தானே வெட்டி ஒட்டிக்கொள்கிறது. எந்தத் துண்டு எதோடு சேரும் என்பதற்குக் கணக்கில்லை. ஒட்டுகிற இடத்தில் சில மரபணு எழுத்துகள் கூடும், சில குறையும். இப்படியே, கிருமியோடு பொருந்தும் பகுதிக்குக் கோடிக்கணக்கான வடிவங்கள் உருவாகிவிடும். கிருமியைப் பார்த்துச் செய்த சாவி அல்ல இது. பூட்டு வருவதற்கு முன்பே அடித்துக் குவித்த சாவிக் குவியல். பொருந்துகிற சாவி மட்டும் பிறகு நகலெடுக்கப்படும். நகலெடுக்கும்போது சின்னச் சின்ன மாற்றங்கள் வரும். அவற்றில் இன்னும் இறுக்கமாகப் பொருந்துவது மிஞ்சும். டி செல்களுக்கும் இதே வெட்டி ஒட்டல் உண்டு. ஆனால் நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் கடுமையான தேர்வு ஒன்று இருக்கிறது. நம் உடம்பையே தாக்கக்கூடிய செல்களும், எதற்குமே பயன்படாத செல்களும் அங்கேயே அழிக்கப்படும். தேறி வெளியே வருவது மிகச் சிலதான்.

கேள்வி: நாய் கடித்ததற்குக் காயத்தைச் சுற்றி ஓர் ஊசி, கையில் ஓர் ஊசி போட்டார்கள். அப்புறம் மூன்றாம் நாள், ஏழாம் நாள் வா என்கிறார்கள். ஒரே நாளில் முடிக்க முடியாதா?

பதில்: முடியாது. தயவுசெய்து ஒரு தேதியைக்கூடத் தவறவிடாதீர்கள். கையில் போட்டது செயலிழக்கச் செய்த வெறிநாய்க்கடி (ரேபிஸ்) வைரஸ். அதைப் பார்த்து உங்கள் பி செல்கள் தேர்ந்து, பெருகி, எதிர்ப்பொருள் சுரக்க 7 முதல் 14 நாள் ஆகும். அதுவரை காயத்தில் இருக்கிற வைரஸ் சும்மா இருக்காது; நரம்பு வழியாக மூளைக்குப் போகப் பார்க்கும். அந்த இடைவெளியைக் காக்கத்தான் காயத்தைச் சுற்றிப் போட்ட ஊசி. அது தயார் நிலையில் உள்ள எதிர்ப்பொருள், இரவல் சரக்கு. சில வாரங்களில் தேய்ந்துவிடும், நினைவும் தராது. அடுத்தடுத்த ஊசிகள் உங்கள் சொந்தச் செல்களை மறுபடி மறுபடி கூப்பிட்டுக் கூட்டம் சேர்க்கின்றன. நோய் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. இனி யாருக்குக் கடித்தாலும் முதல் வேலை, குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுவது. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

கேள்வி: தட்டம்மை வந்து போவதே இயற்கையான எதிர்ப்பு, தடுப்பூசி எதற்கு என்கிறார் மாமியார். சரியா?

பதில்: பாதி சரி. 1846இல் வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது சுமார் 7,800 பேரில் 6,000 பேர் படுத்தார்கள். 1781இல் தட்டம்மை வந்து பிழைத்திருந்த முதியவர்களுக்கு மட்டும் மறுபடி வரவில்லை என்று பேனும் என்ற இளம் மருத்துவர் பதிவு செய்தார். 65 ஆண்டு நினைவு! ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. பழைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் நினைவுச் செல்களுக்குள்ளேயே தட்டம்மை வைரஸ் புகுந்து அழிக்கும். தடுப்பூசி போடாமல் தட்டம்மை வந்த குழந்தைகளின் ரத்தத்தை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், மற்ற கிருமிகளுக்கு எதிராக அவர்கள் சேர்த்திருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது. தடுப்பூசி இப்படிச் செய்வதில்லை. அத்தையிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், பேரப்பிள்ளைக்காகக் கேட்பார்.

கேள்வி: டெங்கு ஒருமுறை வந்துவிட்டது. இனி வராதுதானே?

பதில்: வரும். டெங்குவில் நான்கு வகை. வந்த வகைக்குத்தான் நீடித்த பாதுகாப்பு. பழைய எதிர்ப்பொருள் அடுத்த வகையோடு அரைகுறையாக ஒட்டி, வைரஸைச் செல்லுக்குள் கொண்டுபோய் விடுவதும் உண்டு. அதனால் இரண்டாம் முறை கூடுதல் கவனம் தேவை. காய்ச்சல் விடும் நேரத்தில் வயிற்றுவலியோ தொடர் வாந்தியோ ரத்தக்கசிவோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, இடுப்பில் அக்கி. பக்கத்தில் போனால் என் ஒரு வயதுக் குழந்தைக்கும் அக்கி வருமா?

பதில்: அக்கி வராது, சின்னம்மை வரலாம். அப்பாவுக்குச் சிறுவயதில் வந்த சின்னம்மை வைரஸ்தான் நரம்பு வேரில் இத்தனை வருடம் ஒளிந்திருந்தது. அதைக் காவல் காத்த டி செல்கள் வயதாக ஆகத் தளர்ந்ததும் வெளியே வந்துவிட்டது. கொப்புளம் காய்ந்து பொருக்கு தட்டும்வரை அந்த இடத்தைத் துணியால் மூடி வையுங்கள், குழந்தையைத் தூக்க விடாதீர்கள். அப்பாவை இன்றே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். தடிப்பு தெரிந்த மூன்று நாளுக்குள் மாத்திரை தொடங்கினால் நல்ல பலன் தரும்.