விளக்கடியில் செம்மஞ்சள் குளவிகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், இரவில் விளக்கைத் தேடி வரும் ஒல்லியான செம்மஞ்சள் குளவிகளைப் பற்றியவை. அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, மழை விட்ட இரவுகளில் எங்கள் வாசல் விளக்குக்கு இந்தக் குளவிகள் வருகின்றன. மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன். எல்லாம் ஒரே இனம்தானே? (ஆயர் ஈத்தாம், பினாங்கு)

இல்லை அம்மா. நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாத கூட்டம் இது. இரவில் நடமாடும் ஒட்டுண்ணிக் குளவிகளில் (இளம்பருவத்தில் வேறு பூச்சியைத் தின்று வளர்பவை) பல, நெருங்கிய உறவு இல்லாதவைகூட, இதே வெளிர் செம்மஞ்சள் உடல், நீண்ட உணர்கொம்பு, பெருத்த கண் என்று ஒரே தோற்றத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. சிறகைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் முதல் இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பாருங்கள். முன்சிறகின் முன்விளிம்பில் தடித்த ஒரு பட்டை தெரியும். அதற்குச் சற்றுக் கீழே மயிரே இல்லாத ஒரு பகுதி, ஜன்னல் போலப் பளிச்சென்று இருக்கும். அதற்குள் பழுப்பாகக் கெட்டியான சிறு துண்டுகள். இவை இருந்தால் அநேகமாக எனிகோஸ்பிலஸ் பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள பல இனங்கள் சேர்ந்த குழு. உலகில் இதில் 700க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றைப் பிரிக்க முதலில் பார்ப்பது இந்தத் துண்டுகளைத்தான்: எத்தனை, என்ன வடிவம், ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறதா, ஜன்னலின் எந்த மூலையில் இருக்கிறது.

முதல் குளவியில் உடல் பக்கம் ஒரு முக்கோணமும் நடுவில் தனியாக ஒரு நீள்வட்டமும் இருக்கின்றன. இரண்டாவதில் முக்கோணம் இருக்கிறது, நடுத்துண்டு மெல்லிய கோடாகச் சுருங்கிவிட்டது. ஆக, உங்கள் ஒரே விளக்குக்கு எனிகோஸ்பிலஸிலேயே இரண்டு இனங்கள் வருகின்றன. எனக்கு இது உண்மையிலேயே மகிழ்ச்சி தரும் செய்தி. மூன்றாவது படத்துக்கு அடுத்த பதிலிலேயே விடை இருக்கிறது.

சார், நான் பிடித்த படத்தில் ஜன்னலும் இல்லை, துண்டும் இல்லை. ஆனால் பார்க்க அச்சு அசல் அதே குளவி. (புக்கிட் கியாரா அருகே, கோலாலம்பூர்)

நெட்டீலியா என்ற வேறொரு பேரினமாக இருக்கும் என்று நினைத்தேன், உங்கள் இரண்டாவது படம் அதை உறுதி செய்தது. முன்சிறகில் பாதிக்கு மேல் தள்ளி, சுற்றிலும் நரம்பு அடைத்த மிகச் சிறிய கட்டம் ஒன்று சாய்வாகத் தெரிகிறது பாருங்கள். எனிகோஸ்பிலஸில் அந்தக் கட்டம் கிடையாது. துண்டுகள் மங்கலான, துண்டே இல்லாத எனிகோஸ்பிலஸ் இனங்களும் இருப்பதால், சந்தேகம் வந்தால் இந்தக் கட்டத்தை நம்புங்கள்.

கொட்டுமா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கையில் பிடித்து அழுத்தினால் பெண் குளவி குத்தும். சுருக்கென்று வலித்து அடங்கிவிடும். தானாக வந்து யாரையும் கொட்டாது. கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டை செருகி வெளியே விடுங்கள். மருந்து அடிக்க வேண்டாம்.

சிறகு தெளிவாக இருக்கும் படம் அனுப்பினேன். இனப்பெயர் சொல்லாமல் பேரினத்தோடு நிறுத்திவிட்டீர்களே?

வேண்டுமென்றேதான் நிறுத்தினேன், தம்பி. நம் வட்டாரத்து எனிகோஸ்பிலஸுக்கு இன்றும் கையில் எடுக்க வேண்டியது 1981இல் பூச்சியியலாளர்கள் கால்டும் மிட்செலும் வெளியிட்ட ஆய்வு. அதன்படி போனால் சிறகுத் துண்டுகளோடு வேலை முடியாது. தாடை எவ்வளவு முறுக்கியிருக்கிறது, உணர்கொம்பில் எத்தனை கணுக்கள், முதுகின் பின்பகுதியில் வரிமேடு எப்படி ஓடுகிறது, சிறகு நரம்புகளின் நீள விகிதம் என்ன, இத்தனையும் வேண்டும். மேலிருந்து எடுத்த ஒரு படத்தில் இவற்றில் பாதி தெரியாது. அரைகுறையாக ஒரு பெயரை வைத்தால், அடுத்தவர் அதைப் பார்த்துத் தன் படத்துக்கும் அதே பெயரை வைப்பார். பேரினத்தோடு நிற்கும் பதிவு சரியான பதிவு.

அடுத்த முறை காலையில் விளக்கடியில் செத்துக் கிடக்கும் குளவி கிடைத்தால், வெள்ளைத் தாளில் ஒரு சிறகை விரித்து வைத்து மேலிருந்து ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுங்கள். கைப்பேசியில் மாட்டும் சிறிய மேக்ரோ லென்ஸே போதும். மரபணுச் சோதனைக்கும் வைத்திருக்க நினைத்தால் 95 சதவீத எத்தனாலில் போடுங்கள்.

மாமரத்திலிருந்து எடுத்து வளர்த்த கம்பளிப்பூச்சி அந்துப்பூச்சியாக மாறவில்லை. பழுப்பு நிறக் கூடு ஒன்று வந்தது, அதிலிருந்து இந்தக் குளவி வந்தது. (பட்டர்வொர்த்)

இன்றைய தபாலில் மிக மதிப்புள்ள கடிதம் உங்களுடையதுதான். எனிகோஸ்பிலஸ் தாய்க்குளவி, கம்பளிப்பூச்சிப் புழுவின் உடலுக்குள் முட்டையிடும். புழு வழக்கம்போலத் தின்று வளரும், உள்ளே குளவியும் வளரும். நெட்டீலியா அப்படியில்லை. அதன் முட்டை புழுவின் தோலில் வெளியே ஒட்டிக்கொண்டு நிற்கும். எந்தக் குளவி எந்தப் புழுவில் வளர்கிறது என்று விளக்கடியில் பிடித்ததை வைத்துச் சொல்ல முடியாது, உங்களைப் போல வளர்த்தவர்தான் சொல்ல முடியும்.

அதனால் எதையும் தூக்கிப் போடாதீர்கள். காலிக்கூடு, புழுவின் உரிந்த தோல், குளவி மூன்றையும் ஒரே டப்பாவில் வையுங்கள். புழுவை எடுத்த தேதி, குளவி வெளிவந்த தேதி, மரம், இடம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி உள்ளே போடுங்கள். பின்னால் எத்தனாலில் போட்டால் பேனா மை கரைந்துவிடும். புழு உயிரோடு இருந்தபோது எடுத்த படம் இருந்தால் அதையும் அனுப்புங்கள், அந்துப்பூச்சி எதுவென்று முதலில் பார்ப்போம்.