எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ கேட்டா காந்தத்துல ஒட்டற ஸ்க்ரூ குடுக்கறாங்க, டூப்ளிகேட்டா? (வீடு கடலூர்ல, கடலுக்குப் பக்கம், மொட்டை மாடில ஷீட் போடணும்)

டூப்ளிகேட்னு சொல்லிட முடியாதுங்க. அனேகமா அது 410 கிரேடா இருக்கும், அதுவும் எஸ்.எஸ்.தான், ஆனா காந்தம் நல்லா இழுக்கும். நான் ஃபேப்ரிகேஷன் ஒர்க்ஷாப் வச்சிருக்கேன், கஸ்டமருங்க காந்தத்தோட வந்து நிக்கறது சகஜம். இதுல தமாஷ் என்னன்னா நல்ல கிரேடான 304ன்னு சொல்லி மட்டமான 202 கிரேடைத் தலையில கட்டினா காந்தம் காட்டிக்குடுக்காது, ரெண்டுமே அவ்வளவா ஒட்டாது.

ஷீட்டுக்குப் போடறது செல்ஃப் ட்ரில்லிங் ஸ்க்ரூ, அதாவது தானே ஓட்டை போட்டுக்கிட்டு இறங்கறது. அதோட நுனி பைப்பைத் துளைக்கணும்னா அது பைப்பை விட கடினமா இருந்தாகணும், 410ஐ ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணி அப்படி ஆக்கலாம், 304ஐ ஆக்க முடியாது. முழு 304ஐ நேரா ஜி.ஐ. பைப்ல வச்சு ஓட்டிப் பாருங்க, நுனி மழுங்கி ஒரே இடத்துல சுத்தும், சூடேறி ஷீட் பெயின்ட் கருகும், இன்னும் அழுத்தினா தலை துண்டாப் போயிடும். அதனால 304னா முதல்ல ட்ரில் போட்டுட்டுதான் ஸ்க்ரூ ஓட்டணும், இல்லன்னா உடம்பு 304, நுனி மட்டும் கார்பன் ஸ்டீல்னு பை-மெட்டல் ஸ்க்ரூ வருது, விலை ஜாஸ்தி.

துருன்னு பார்த்தா கதை உல்டா. 304ல குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் இருக்கு, 410ல குரோமியம் சுமார் 12தான், நிக்கல் பேருக்குத்தான். கடல் காத்துல 410 தலை பழுப்பு கட்டி மழைக்கு ஷீட் மேல கோடு கோடா இறங்கும். கடற்கரையை ஒட்டியே வீடுன்னா 304லயே டீ கறை மாதிரி வரும், 2-3 சதவீதம் மாலிப்டினம் இருக்கற 316தான் சரி.

ஆனா நீங்க போடறது கலர் கோட்டிங் இரும்பு ஷீட்டா இருந்தா எஸ்.எஸ்.ஸே வேணாம்னுதான் சொல்வேன். உப்பு ஈரத்துல எஸ்.எஸ்.ஸும் ஷீட்டோட துத்தநாகப் பூச்சும் ஒட்டி இருந்தா பூச்சுதான் கரையும், ஸ்க்ரூ பளபளன்னு நிக்கும், ஓட்டையைச் சுத்தி ஷீட் துருப்பிடிச்சுப் போகும். சில ஷீட் கம்பெனிங்களே எஸ்.எஸ். போடாதீங்கன்னு சொல்றாங்க. அதுக்கு வெளி உபயோகத்துக்குன்னே கனமா கோட்டிங் குடுத்த ஸ்க்ரூ வருது, கடற்கரை ஏரியான்னு சொல்லிக் கேளுங்க, சாதா ஜிங்க் பிளேட்டிங்கை எடுத்துடாதீங்க. அலுமினியம் ஷீட்னா தாராளமா 304, 316 போடலாம், ஷீட் அவ்ளோ பெருசு, ஸ்க்ரூ சின்னது, பெரிய பாதிப்பு வராது.

எதைப் போட்டாலும் ஈ.பி.டி.எம். ரப்பர் வாஷர் கட்டாயம், ரப்பர் ஓரமா லேசா பிதுங்கினதும் நிறுத்தச் சொல்லுங்க, ஆளுங்க ஃபுல் ஸ்பீடுல ஓட்டி வாஷரைக் கிழிச்சிடுவாங்க, அப்புறம் ஒழுகுதும்பீங்க. ட்ரில் போட்ட சுருள் தூளை அன்னைக்கே கூட்டி எடுத்துடணும், ஒரு ராத்திரி பனியில கிடந்தாலே புது ஷீட்ல புள்ளி புள்ளியா துரு வந்து உக்காந்துக்கும்.