இரண்டாம் முறை கேட்டல்

அன்புள்ள அம்மா,

பாடகர் மதுரை மணி ஐயர் மேடையிலேயே கற்பனையாகக் கோத்துப் பாடும் கல்பனாஸ்வரங்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு இந்தக் கடிதத்தை எழுதத் துணிந்தேன். எனக்கு வயது 44. பொறியாளராகப் பணிபுரிகிறேன். கல்லூரி நாட்களில் கேசட்டுகளில் தொடங்கிய என் சேகரிப்பு இன்று 2 டெராபைட்டைத் தாண்டிவிட்டது. பெரும்பாலும் கச்சேரிப் பதிவுகள். தோடி ராகத்தில் மட்டும் முந்நூறுக்கு மேல் இருக்கும். பாடகர், ராகம், தாளம், ஆண்டு என்று எல்லாவற்றையும் எக்செல் கோப்பில் பதிந்து வருகிறேன். இதற்காக ஒவ்வொரு பதிவிலும் முதல் அரை நிமிடம் கேட்பேன். முழுதாகக் கேட்க நேரமில்லாதபோது ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடுவேன். மிக மெதுவாகப் பாடும் எம்.டி. ராமநாதன் போன்றவர்களுக்கு இது மிகவும் உதவுகிறது. ஆனால் சில மாதங்களாக எதைப் போட்டாலும் மனம் ஒட்டவில்லை. என் அப்பாவிடம் இருந்தது ஒரு பிஸ்கட் டப்பா கொள்ளும் கேசட்டுகள்தான். அவற்றில் அவர் கண்ட மகிழ்ச்சியில் பாதிகூட எனக்குக் கிடைக்கவில்லை. எம்பி3-ஐ விட்டு, ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் கோப்புகளுக்கு மாறினால் சரியாகுமா? எந்த ஹெட்போன் வாங்கலாம்? ராக இலக்கணத்தை முறையாகப் படிக்க வேண்டுமா? அக்கா மகன் இப்போது பாட்டுக் கற்றுக்கொள்கிறான். சேகரிப்பு முழுவதையும் ஒரு வன்தட்டில் ஏற்றி அவனுக்குக் கொடுத்துவிடலாமா?

கே.,
திருச்சி

அன்புள்ள கே.,

வழக்கமாக இசை பற்றிய கடிதங்களுக்குத் தனியாகத்தான் பதில் எழுதுவேன். உங்கள் கடிதம் வந்த வேளையில் நானும் இதையே நினைத்துக்கொண்டிருந்ததால் பொதுவில் எழுதுகிறேன்.

ஃப்ளாக், ஹெட்போன் இரண்டையும் முதலிலேயே ஒதுக்கிவிடுவோம். உங்களிடம் இருப்பவற்றில் பெரும்பகுதி சபாவின் மூலையில் யாரோ வைத்த ஒலிவாங்கியில் பதிவாகி, நாடாவிலிருந்து நாடாவுக்குப் பலமுறை பிரதியெடுக்கப்பட்டவை. மூலத்தில் இல்லாததைக் கோப்பின் வடிவம் கொண்டுவந்துவிடாது. ராக இலக்கணம் படிப்பது நல்லதுதான், படியுங்கள். ஆனால் உங்கள் குறை அங்கே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 128 கேபிபிஎஸ் எம்பி3 கோப்பில் ஒரு நிமிட இசைக்கு ஏறத்தாழ 1 மெகாபைட் ஆகும். அப்படியானால் 2 டெராபைட் என்பது 20 லட்சம் நிமிடம், அதாவது 33,000 மணி நேரத்துக்கும் மேல். ஒரு நாளும் தவறாமல் 2 மணி நேரம் கேட்டாலும் எல்லாவற்றையும் ஒருமுறை கேட்டு முடிக்க 45 ஆண்டுகள் ஆகும். அப்போது உங்களுக்கு 89 வயது நடந்துகொண்டிருக்கும். அதுவரை எதையும் இரண்டாம் முறை கேட்டிருக்க மாட்டீர்கள். எனக்குத் துயரமாக இருப்பது இந்தக் கடைசி வாக்கியம்தான்.

பாடுவது பாடிய கணத்திலேயே காற்றில் கரைந்துவிடும் என்பதுதான் மனித வரலாறு நெடுகிலும் இசையின் விதியாக இருந்தது. வீணை தனம்மாள் ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிக்கும்போது எதிரே உட்கார்ந்திருந்தவர்கள், அவர் ஒரு பிடியை, அதாவது ராகத்தின் முகம் காட்டும் சிறு ஸ்வரக்கோவையை, பிடித்துவிட்டு அடுத்ததற்குப் போன பிறகு, அதே பிடியை அதே அழுத்தத்தோடு மீண்டும் கேட்க எந்த வழியும் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அதே ராகத்தை வாசித்தாலும் அது வேறாகத்தான் இருக்கும். 1902 நவம்பரில் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் ஒலிப்பதிவுக் கருவியின் குழாய்க்கு முன்னால் பாடி, இசைத்தட்டை அச்சடிப்பவர்களுக்கு அடையாளம் தெரிவதற்காக இறுதியில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி முடித்தார். அந்தக் காலம் தொட்டுத்தான் நம் நாட்டில் ஒருவர் பாடிய மூன்று நிமிடத்தை, அவர் ஊரில் இல்லாதபோதும், அவர் மறைந்த பின்னும், அச்சு மாறாமல் திரும்பக் கேட்பது சாத்தியமாயிற்று. கச்சேரியில் இருக்கும் முகம், கூட்டம், பக்கவாத்தியக்காரரோடு நடக்கும் கண்ஜாடை எல்லாவற்றையும் இழந்துவிட்டு ஒலிப்பதிவு நமக்குக் கொடுத்திருப்பது இந்த ஒன்றைத்தான். கச்சேரி தரமுடியாத இந்த ஒரே வரத்தை நீங்கள் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, அதைச் சுமக்கும் பெட்டிகளை மட்டும் அடுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

என் பெரியப்பா மாயவரத்தில் தபால் இலாகாவில் வேலை பார்த்தார். அவரிடம் சாவி கொடுக்கும் கிராமபோன் ஒன்று இருந்தது. இசைத்தட்டுகள் ஒரு கையால் தூக்கிவிடும் அளவுக்குத்தான் இருந்தன. அவற்றில் ஒன்று நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடித்து முடித்ததும் அதை உறையிலிருந்து எடுத்து, வேட்டி நுனியால் தொடாமல் அதற்கென்று வைத்திருந்த வெல்வெட் துணியால் துடைப்பார். சின்னத் தகர டப்பியைத் திறந்து புதிய ஊசி எடுத்து மாட்டுவார். ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் ஊசியின் முனை மழுங்கிவிடும். பழைய ஊசியைப் போட்டால் தட்டு கெட்டுவிடும் என்பதால் ஊசி விஷயத்தில் அவர் சிக்கனம் பார்த்ததே இல்லை. சாவி கொடுக்கும் உரிமை எங்களில் யாராவது ஒருவருக்கு முறைவைத்துக் கிடைக்கும். பாதியில் வேகம் குறைந்து நாயனம் இழுபட்டால் அந்த வாரம் முழுக்க அந்தப் பிள்ளைக்கு அவமானம்.

அந்தத் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஓரிடத்தில் மட்டும் கருப்பு வெளிறிச் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் தெரியும். பெரியப்பா ஊசியைத் தூக்கித் தூக்கித் திரும்ப வைத்த இடம் அது. அந்த இடம் நெருங்கும்போது ‘இப்போ வரும் பாரு’ என்று விரலைத் தூக்குவார். நூறு தடவை கேட்டவர், அன்றைக்குத்தான் அது வரப்போகிறது என்பதுபோல் காத்திருப்பார். வந்ததும் ஒன்றும் சொல்லமாட்டார். அவருக்கு ஸ்வரம் எழுதத் தெரியாது. ஆனால் தெருவில் யாராவது தோடியைத் தொட்டால், இரண்டு பிடி கேட்டதுமே அவருக்கு முகம் மாறும்.

அவர் என்ன கேட்டார் என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. தோடியின் காந்தாரம், அதாவது ‘க’ ஸ்வரம், ஓரிடத்தில் நிற்பதில்லை. கீழே ‘ரி’யான ரிஷபத்தின் பக்கமும் மேலே ‘ம’வான மத்யமத்தின் பக்கமும் சாய்ந்து அசைந்துகொண்டே இருக்கும். முதல்முறை கேட்பவருக்கு அது ஒரு நடுக்கமாகத்தான் படும். திரும்பத் திரும்பக் கேட்டால் அந்த அசைவுக்குள்ளேயே வேகம் கூடுவதும் குறைவதும் தெரியவரும். பிறகு ஒருநாள், பாடுபவர் வெகுநேரமாக ‘ப’வான பஞ்சமத்தைத் தொடாமலேயே சுற்றிக்கொண்டிருக்கிறார் என்பது உறைக்கும். பஞ்சமத்தை விட்டுச் சஞ்சரிப்பது தோடிக்கே உரிய அழகு. அது உறைத்த பிறகு, பஞ்சமம் வந்து சேரும் கணத்துக்காக உடம்பே காத்திருக்கத் தொடங்கும். இந்தக் காத்திருப்பு முதல்முறை கேட்பவருக்குக் கிடைக்காது, ஏனென்றால் என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரியாது. முந்நூறு தோடிகளில் முதல் அரை நிமிடத்தை மட்டும் கேட்டவருக்கு அது ஒருநாளும் கிடைக்காது. வேறுவேறு பாடகர்களின் ஷட்ஜமும் தம்பூராவும்தான் அவர் காதில் மிஞ்சும்.

இனி எம்.டி. ராமநாதனிடம் வருகிறேன். இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அவரை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கிறீர்கள். அது ‘உதவுகிறது’ என்று வேறு எழுதுகிறீர்கள். டைகர் வரதாச்சாரியாரின் மாணவர், கலாக்ஷேத்ராவில் கற்பித்தவர், 1984-இல் மறையும்வரை, வேகமே திறமை என்று நினைத்த சபைகளுக்கு நடுவில், தம் மெதுவான நடையான சௌக்க காலத்தை விட்டுக்கொடுக்காமல் பாடியவர் அவர். அந்தக் கனத்த, தாழ்ந்த குரல் ஒரு ஸ்வரத்தில் இறங்கி உட்கார்ந்து, அடுத்த சொல்லை எடுப்பதற்கு முன் விடும் இடைவெளி அவர் இசையின் ஒரு பகுதி. அது காலியிடம் என்று நினைத்து உங்கள் செயலி சுருக்கிவிடுகிறது. எஞ்சுவது அவர் பெயர் போட்ட வேறு எதுவோ. தாளத்தின் ஒவ்வொரு தட்டும் இரட்டிப்பாக நீளும் இரண்டு களைச் சவுக்கத்தில் அவர் பல்லவியை நிறுத்தும்போது, தாளம் போடும் நம் கை அடுத்த தட்டுக்காக அந்தரத்தில் நிற்கும் அந்த நேரத்தை நீங்கள் அனுபவித்ததே இல்லை என்றால், அவருடைய பதிவுகள் எத்தனை உங்களிடம் இருந்தாலும் அவரை நீங்கள் கேட்டதாகச் சொல்ல முடியாது. நேரமில்லை என்றால் கேட்காதீர்கள். நேரம் வரும்வரை அவர் காத்திருப்பார். அவரை மட்டும் விரட்டாதீர்கள். ஆலாபனையைத் தாண்டிப் பாட்டுக்குத் தாவுவதும் இதே குற்றம்தான். கல்யாண வீட்டுக்குப் போய் முகூர்த்தத்துக்கு முன்பே மொய் எழுதிவிட்டுக் கிளம்பி வருகிறவரைப்போல, நீங்கள் வந்து போனதற்கான வரி மட்டும் நோட்டில் இருக்கிறது.

சேகரிப்பவர்கள் எல்லோரையும் நான் பழிக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடம்தான் அடங்கும். அரியக்குடி ராமானுஜ ஐயங்காரும் மணி ஐயரும் ஒரு முழுக் கச்சேரியை எப்படிக் கட்டியெழுப்பினார்கள் என்பது நமக்கு இன்று காதால் தெரிகிறதென்றால், கனமான ஸ்பூல் ரெகார்டரைச் சபாவுக்குத் தூக்கிச் சென்று, நாடா தீர்ந்துபோகும் நேரத்தைக் கவலையோடு கணக்கிட்டுப் பதிவுசெய்த ரசிகர்களும் அதற்கு ஒரு முக்கியமான காரணம். கைமாறிக் கைமாறி அவை நம்மிடம் வந்து சேர்ந்தன. அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரியது. ஆனால் அவர்கள் அந்தக் கச்சேரியின் மூன்று மணி நேரமும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள். முதலில் கேட்டார்கள், பிறகு சேர்த்தார்கள். உங்களைப் போன்றவர்கள் எல்லாவற்றையும் சேர்த்து முடித்த பிறகு கேட்கலாம் என்று நினைக்கிறீர்கள். சேர்த்து முடிகிற நாள் வருவதே இல்லை.

உங்கள் அப்பாவின் டப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் வரியை மட்டும் பலமுறை படித்தேன். 90 நிமிட கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். அதில் ஒரு பாட்டைத் தாண்ட வேண்டுமென்றால் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு குத்துமதிப்பாக நிறுத்த வேண்டும். அதற்குச் சோம்பிப் பேசாமல் கேட்டுவிடுவார்கள். அப்படித்தான், முதலில் பிடிக்காத பல பாட்டுகள் அந்தத் தலைமுறைக்குப் பிடித்துப்போயின. உங்கள் அப்பாவின் மகிழ்ச்சியில் அவருடைய ரசனைக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு அந்தக் கருவியின் போதாமைக்கும் உண்டு. அந்தப் போதாமை இன்று உங்கள் கருவியில் இல்லை என்பதால் நீங்களாகத்தான் அதை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். அந்த டப்பாவில் இருந்த கச்சேரிகள் நிச்சயம் உங்கள் கோப்பில் எங்கேயோ இருக்கும். அவற்றை மட்டும் தனியாக எடுத்து, மழைக்காலம் முடியும்வரை வேறு எதையும் தொடாமல் கேளுங்கள். எக்செல் கோப்பை மூடி வையுங்கள். புதிதாக யாராவது ‘அபூர்வமான பதிவு’ என்று அனுப்பினால் நன்றி சொல்லிவிட்டு இறக்காமல் விடுங்கள். முதல் வாரம் கை பரபரக்கும். போகட்டும்.

அக்கா மகனுக்கு வன்தட்டைக் கொடுக்காதீர்கள். பாட்டுக் கற்கிற பிள்ளைக்கு அது உதவாது, மலைப்பைத்தான் தரும். அவனுக்கு இப்போது பாடமாகும் கிருதி எதுவென்று கேளுங்கள். அதை ஒருவர் பாடிய ஒரே ஒரு பதிவைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். எத்தனையாவது நிமிடத்தில் எந்தச் சங்கதி, அதாவது ஒரே வரியை மெருகேற்றி மாற்றிப் பாடும் எந்த விதம், உங்களை நிறுத்தியது என்று கூடவே இரண்டு வரி எழுதுங்கள். அடுத்த மாதம் அவன் வீட்டுக்குப் போகும்போது அந்தச் சங்கதியை அவனைப் பாடச் சொல்லுங்கள். அவன் பாடியதில் ஏதாவது குறைகிறதென்று உங்கள் காதுக்கே தெரிந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். எந்த இடம் என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.