குலுங்கியது பூமியா, குண்டா?

கே: வடகொரியா பூமிக்கடியில் அணுகுண்டு வெடித்துவிட்டு, 'அது வெறும் நிலநடுக்கம்' என்று சாதித்தால் உலகம் நம்பித்தானே ஆகவேண்டும்?

ப: நம்பவேண்டியதில்லை. நிலநடுக்கத்தில் இரண்டு பாறைப் பாளங்கள் ஒன்றையொன்று உரசி வழுக்குகின்றன. அதனால் நிலநடுக்கமானியின் பதிவுக் கோட்டில் முதலில் வரும் பி அலை (பாறையை அழுத்தித் தள்ளிக்கொண்டு வருவது) சின்னதாகவும், பின்னால் வரும் எஸ் அலை (பாறையைக் குறுக்கே அசைத்துக்கொண்டு வருவது) அதைவிடப் பெரிதாகவும் இருக்கும். குண்டு அப்படியில்லை, கண்ணிமைக்கும் நேரத்தில் பாறையை நாலாபுறமும் நெட்டித் தள்ளுவதால் பி அலை சடாரென்று எழும்பும், எஸ் அலை நோஞ்சானாக வரும். 2017 செப்டம்பர் 3 அன்று வடகொரியாவின் சோதனைத்தளமான புங்யே-ரியில் மந்தாப் மலைக்கடியில் குண்டு வெடித்து 6.3 அளவுக்கு நிலம் அதிர்ந்தபோது பதிவானது இந்த இரண்டாவது வகைதான். எட்டரை நிமிடம் கழித்து அங்கேயே இன்னொரு சிறிய அதிர்வு, மலைக்குள் ஏதோ சரிந்து விழுந்தது போல. அப்புறம் காற்றும் சாட்சி சொல்லும். 2013 பிப்ரவரியில் வெடித்த குண்டின் கதிரியக்க செனான் வாயு, 55 நாள் கழித்து ஜப்பானின் தகாசாகி கதிரியக்கக் கண்காணிப்பு நிலையத்தில் சிக்கியது.

மிகச் சிறிய குண்டைப் பெரிய குகைக்குள் வைத்து வெடித்தால் அதிர்வு அமுங்கிப்போகும் என்பதும் உண்மைதான், அதை மறைக்கக் கூடாது.

கே: அறிவியல் இவ்வளவு தெளிவாக இருந்தும் நாடுகள் ஏன் ஒன்றையொன்று சந்தேகப்படுகின்றன?

ப: கருவி சொல்லி முடிக்கும்வரை அரசியல் பொறுப்பதில்லை. 1997 ஆகஸ்ட் 16 அன்று ரஷ்யாவின் நோவயா ஜெம்லியா பக்கம் சின்ன அதிர்வு ஒன்று. அந்தத் தீவில் பழைய சோதனைத்தளம் இருக்கிறதே, அதனால் ரகசியச் சோதனையாக இருக்கலாம் என்று அமெரிக்க அதிகாரிகள் சந்தேகப்பட்டு, அந்தச் சந்தேகம் பத்திரிகை வரை போய்விட்டது. லின் சைக்ஸ், பால் ரிச்சர்ட்ஸ் போன்ற நிலநடுக்க அறிஞர்கள் பதிவுகளைப் பார்த்தால், அதிர்ந்த இடம் தளத்திலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி, காரா கடலுக்கடியில்! சில மணி நேரத்தில் அங்கேயே ஒரு பின்னதிர்வும் வந்திருந்தது. கடைசியில் நவம்பரில்தான் அமெரிக்க அரசு அது அணுகுண்டு இல்லை என்று ஒப்புக்கொண்டது.

ஆனாலும் 1999 அக்டோபரில், அணுகுண்டுச் சோதனை எதையும் நடத்தக் கூடாது என்னும் உலகளாவிய சோதனைத் தடை ஒப்பந்தம் அமெரிக்க செனட்டில் 48-51 என்று தோற்றது. எதிர்த்தவர்கள் சொன்ன முக்கியமான காரணங்களில் ஒன்று, மீறினால் கண்டுபிடிக்க முடியாது என்பது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. அமெரிக்கா இன்னும் அதை உறுதிசெய்யவில்லை, 2023-ல் ரஷ்யாவும் தான் கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.