மறந்துபோன பிறவியும் நாடி ஓலையும்

அன்புள்ள ஐயா,

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கிராமம். என் மகனுக்கு ஒன்றரை வயது. பிறவியிலேயே காது கேட்கவில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அத்தை வற்புறுத்தியதால் வைத்தீஸ்வரன்கோயிலில் ஓலை படித்துப் பலன் சொல்லும் நாடி ஜோதிடம் பார்த்தோம். போன பிறவியில் ஒருவர் கதறியதை நான் காதில் வாங்காமல் போனேனாம், அதன் பலன்தான் இதுவாம். போன பிறவிப் பாவத்தைச் சொல்லும் சாந்தி காண்டம் என்ற பகுதியைப் படித்துப் பரிகாரத்துக்குப் பெரிய தொகை கேட்டார்கள். என் மனைவி அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. செய்ததாக நினைவே இல்லாத தப்புக்குத் தண்டனை என்ன நியாயம்? கர்மா உண்மையென்றால் போன பிறவி ஏன் மறந்துபோகிறது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்கள் இரண்டாவது கேள்வி பழையது. சைவ சித்தாந்தத்தின் மூல நூலான சிவஞானபோதமே அதைத் தொட்டுப் பேசுகிறது. கனவுக்குள் போனவன் விழித்திருந்தபோது கண்டதை மறந்துவிடுகிற மாதிரி, உயிர் பழைய உடம்பை மறந்து அடுத்த கருவில் விழுகிறது என்கிறார் அதை எழுதிய மெய்கண்டார். கண்ணும் காதும் மனமும் உயிருக்குக் கருவிகள். கருவி மாறினால் நினைவு கூடவே வராது, வினை மட்டும் வரும். திருவாவடுதுறைச் சிவஞான முனிவர் இந்த நூலுக்குத்தான் 18ஆம் நூற்றாண்டில் மாபாடியம் என்ற பெரிய உரையை எழுதினார். ஆக, மறதியை அவர்கள் கோளாறாகப் பார்க்கவில்லை.

மறுபிறவி உண்டா என்றால் என்னிடம் சான்று இல்லை. இந்தப் பிறவியின் முதல் மூன்று வருஷமே யாருக்கும் நினைவில் இல்லை என்பது மட்டும் தெரியும். அந்த வயதில்தான் தாய்மொழி வந்தது, பயம் வந்தது, ஆள் அடையாளம் வந்தது. நினைவில் இல்லாதது நம்மை ஆட்டிவைக்கும் என்பதை நம்புவதில் எனக்குச் சிரமமில்லை. ஆனால் அதைத் தண்டனை என்று சொல்ல மாட்டேன்.

போன பிறவி ஞாபகம் வந்தால் என்ன ஆகும்? உங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் பூம்புகாரில்தான் மணிமேகலைக் காப்பியத்தின் கதை நடக்கிறது. மணிபல்லவம் என்ற தீவில் புத்தரின் பீடிகையைப் (ஆசனத்தைப்) பார்த்ததும் மணிமேகலைக்குப் பழம்பிறப்பு தெரிந்துவிடுகிறது. தன்னைத் துரத்தும் சோழ இளவரசன் உதயகுமரன்தான் போன பிறவியில் கணவன் இராகுலன். தெரிந்ததால் நிம்மதி வந்ததா? இல்லை. அவனைக் காஞ்சனன் என்ற வித்தியாதரன் வெட்டிப்போட்டபோது, பழைய பாசம் பொங்கி உடலருகே ஓடுகிறாள். தூணில் இருக்கும் தெய்வமான கந்திற்பாவைதான் தடுக்கிறது. முனிவருக்கு அமுது கொண்டுவந்த சமையற்காரன் கால் இடறி விழ, இராகுலன் அவனை வெட்டினான், அந்த வினைதான் இது என்கிறது.

நம்மூர் ஆட்கள் பெரும்பாலும் இதோடு கதையை நிறுத்திவிடுவார்கள். பாவை சொன்னது இது மட்டுமில்லை. இதற்கு முன்பே, வெட்டிய காஞ்சனனைப் பார்த்துச் சொல்லியிருக்கிறது: அவன் உயிரை ஊழ்தான் கொண்டுபோனது, ஆனாலும் நீ செய்தது கொடுவினை, அது உன்னையும் விடாது. அடிபட்டவனுடைய ஊழைச் சொல்லி அடித்தவன் தப்பிக்க முடியாது. கர்மாவைப் பற்றித் தமிழில் இதைவிடக் கறாரான பேச்சை நான் படித்ததில்லை.

இந்தப் பாதியை மறந்ததால்தான் நம் டெல்டாவில் கர்மா வசதியான கருவியாயிற்று. பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் கொடுத்த காலத்தில் ‘அவன் வாங்கிவந்த வரம்’ என்று சொல்லி முடித்துவிடலாம். பண்ணையாட்கள் சங்கம் வைத்துப் போராடினார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது, கூலியை நிர்ணயித்தது, நினைத்தபோது ஆளைத் துரத்துவதைத் தடுத்தது. பூர்வஜென்ம வினை ஒரு சட்டத்துக்குக் கட்டுப்படுமா என்ன?

சரி, உங்கள் ஓலைக்கு வருவோம். அதன் கணக்கு அதன் சாஸ்திரத்துக்கே ஒத்துவரவில்லை. வினை செய்தவனைத்தான் தேடிப் போகும் என்கிறது நாலடியார். கேட்காமல் போனது நீங்கள் என்றால் குழந்தையின் காதுக்கு அங்கே என்ன வேலை? கேட்டால் குழந்தைக்கும் ஒரு கதை வைத்திருப்பார்கள். நீங்கள் போய்ச் சரிபார்க்க முடியாத இடத்தில் நடந்த எதையும் யாரும் சொல்லலாம். தன் கஷ்டத்தைத் தாங்கிக்கொள்ள ஒருவர் ‘என் வினை’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் நான் குறுக்கே பேச மாட்டேன். இன்னொருவரைப் பார்த்துச் சொல்வதும், சொல்லிக் காசு வாங்குவதும் வேறு சமாச்சாரம்.

பிறவிக் காது கேளாமையில் பாதிக்கும் மேல் மரபணுவால் வருவது. கேட்கிற தாய் தகப்பன் இருவருமே தெரியாமல் அதைச் சுமந்துகொண்டிருக்கலாம். அதில் தப்பு செய்தவர் யாருமில்லை. இதை உங்கள் மனைவியிடம் டாக்டர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். கேட்க உதவும் கருவியைக் காதுக்குள் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவைசிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. உங்கள் பையனுக்கு அது பொருந்துமா என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்வார்கள், ஆனால் சின்ன வயதிலேயே செய்தால்தான் பேச்சு நன்றாக வரும். அதனால் இந்த மாதமே அரசு மருத்துவமனையில் கேளுங்கள். அப்புறம் பேச்சுப் பயிற்சிக்கு வருஷக்கணக்கில் போய்வர வேண்டியிருக்கும். பரிகாரத்துக்கு எடுத்துவைத்த பணம் பஸ்ஸுக்கு ஆகும்.

அத்தையிடம் சண்டை வேண்டாம். காஞ்சனன் கதையை மட்டும் சொல்லிப் பாருங்கள்.