கேளுங்கக்கா: பசங்க சிரிக்கறானுங்க, பொண்ணுங்க வாயே திறக்கல

கேள்வி: அக்கா, வியாசர்பாடில ஒரு சாயங்கால ட்யூஷன் சென்டர்ல ஒன்பதாவது பத்தாவது படிக்கற புள்ளைங்களுக்கு கணக்கு சொல்லித்தர்றேன், எல்லாம் கவர்மெண்ட் ஸ்கூல் புள்ளைங்க. போன மாசம் ஒரு நாள் கணக்க மூடி வெச்சுட்டு 'ஆணும் பொண்ணும் சமம்'னு அரை மணி நேரம் பேசினேன். பசங்க ஒருத்தன ஒருத்தன் இடிச்சுக்கிட்டு சிரிச்சானுங்க, பொண்ணுங்க தலைய குனிஞ்சுக்கிட்டாங்க, கடைசில எல்லாரும் சேந்து "சமம் சார்"னு கத்திட்டு கிளம்பிட்டாங்க. எங்க தப்பு பண்ணேன்?
(ஒரு வாசகர், சென்னை)

பதில்: அரை மணி நேரமும் பேசினது நீங்கதானே தம்பி, அதான். சார் எந்த பதில எதிர்பாக்கறாருன்னு இந்த புள்ளைங்களுக்கு நல்லாவே தெரியும், அத சொன்னா சீக்கிரம் விட்டுடுவீங்கன்னும் தெரியும்.

அடுத்த தடவ எதுவும் சொல்லாதீங்க, கேளுங்க. வெயிட் தூக்கறது யார் வேலை? பசங்க 'ஆம்பள வேலை'ன்னு கத்துவானுங்க. சரிப்பா, கட்டட வேலைல கல்லும் கலவையும் யார் தலைல மாடி ஏறுது? அந்த ரூம்ல நாலு பேரோட அம்மா சித்தாளா இருப்பாங்க, கொத்தனாருக்கு என்ன கூலி சித்தாளுக்கு என்ன கூலின்னு உங்கள விட அவங்களுக்குத்தான் துல்லியமா தெரியும். அடுத்து, சமையல் யார் வேலை? 'பொம்பள வேலை'. அப்ப பரோட்டா மாஸ்டர் யாரு, கல்யாணத்துல பிரியாணி அண்டாவ கிண்டறது யாரு? நான் போன ஒரு சென்டர்ல இந்த இடத்துல கொஞ்ச நேரம் அமைதியா இருந்துச்சு, அப்புறம் கடைசி வரிசைல ஒரு பொண்ணு "காசு வந்தா ஆம்பள வேலை, வரலன்னா பொம்பள வேலை, அதானேக்கா"ன்னு மெதுவா சொல்லுச்சு. இத நான் சொல்லிருந்தா நோட்டுல எழுதிட்டு மறந்திருப்பாங்க, அது சொன்னதால பசங்க அரை மணி நேரம் அதோட சண்ட போட்டானுங்க. அந்த சண்டதான் நமக்கு வேணும், நடுவுல போய் தீர்ப்பு சொல்லிடாதீங்க.

நீங்க கணக்கு வாத்தியார்தானே, கணக்காவே குடுங்களேன். நேத்து அவங்கவங்க வீட்டுல யார் எத்தன மணிக்கு எழுந்தா, தண்ணிக்கு யார் நின்னா, துணி யார் தொவச்சா, யார் எப்ப படுத்தா, எல்லாத்தையும் நிமிஷத்துல எழுதி கூட்டட்டும். அவங்க கூட்டல் முடிஞ்ச பிறகு, முன்னாடி இல்ல, மத்திய அரசோட 2024 நேரப் பயன்பாட்டு கணக்கெடுப்ப சொல்லுங்க: சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யற பொம்பளைங்க ஒரு நாளைக்கு 289 நிமிஷம், செய்யற ஆம்பளைங்க 88 நிமிஷம். பாதி பசங்க தன் வீட்டு நம்பர் அதவிட மோசம்னு கண்டுபிடிப்பானுங்க.

இன்னொண்ணு, பசங்க சிரிச்சத பெருசா எடுத்துக்காதீங்க, கூச்சத்துலயும் சிரிப்பானுங்க. முதல் ரெண்டு மூணு தடவ பசங்க தனியா பொண்ணுங்க தனியா உக்காரட்டும், பொண்ணுங்களோட பேச ஒரு அக்காவ கூட்டிட்டு வாங்க. பசங்க கிட்ட 'ஆம்பள அழக்கூடாது'ன்னு உங்கிட்ட மொதல்ல சொன்னது யாருன்னு கேளுங்க. பத்தாவது முடிச்சதும் மெக்கானிக் ஷெட்டுக்கு போயிடணும், குடும்பத்த தூக்கணும்னு பதினாலு வயசுலயே தோள்ல பாரம் ஏறின பசங்க அவனுங்க, அவனுங்களுக்கும் சொல்ல கத இருக்கு. அத யாரும் கேட்டதில்ல, அதான் சிரிக்கறானுங்க.

கேள்வி: கண்ணகி நகர்ல டீனேஜ் பொண்ணுங்களோட வாராவாரம் பேசறோம். போன வாரம் ஒரு அம்மா வந்து "நீங்க பேசிட்டு போயிடுவீங்க, இவ அண்ணன எதுத்து பேசி அடி வாங்கறா"ன்னு கோவமா சொன்னாங்க. நிறுத்திடலாமான்னு இருக்கு.
(ஒரு வாசகி, சென்னை)

பதில்: நிறுத்த வேணாம், ஆனா அந்த அம்மா சொன்னது முக்கால்வாசி நியாயம். ஹரியானால பிரேக்த்ரூங்கற அமைப்பு 2014ல இருந்து சுமார் 150 கவர்மெண்ட் ஸ்கூல்ல ஏழாவது எட்டாவது புள்ளைங்களோட ரெண்டரை வருஷம் இந்த மாதிரி பேச்சு நடத்துச்சு. ஆராய்ச்சியாளர்கள் பேச்சு நடக்காத ஸ்கூல்களோட ஒப்பிட்டு பாத்தப்போ பசங்க பொண்ணுங்க ரெண்டு பேர் மனசும் மாறியிருந்துச்சு, முடிஞ்சு ரெண்டு வருஷம் கழிச்சும் நின்னுச்சு. ஆனா நடத்தைல அதிகமா மாறினது பசங்கதான், வீட்டு வேலைல கை குடுக்க ஆரம்பிச்சானுங்க. பின்ன, பொண்ணுக்கு புரிஞ்சாலும் முடிவு அவ கைல இல்லையே. பையன் தட்ட கழுவினா கொஞ்சம் கேலி, பொண்ணு கேள்வி கேட்டா அடி. அதனால வீட்டுல போய் செஞ்சு பாருங்கற வேலைய பொண்ணுங்களுக்கு குடுக்காதீங்க, அந்த அண்ணனுங்களுக்கு குடுங்க. அண்ணனுங்க குரூப் இல்லையா? அப்ப மொதல்ல அத ஆரம்பிங்க.

அந்த அம்மா வீட்டுக்கும் போய் உக்காருங்க, புத்தி சொல்ல இல்ல. தெரு லைட் எரியுதா, பொண்ணு சாயங்காலம் தனியா வந்தா எந்த முனைல பயம்னு கேளுங்க, அவங்க கண்டிப்புல பாதி அந்த பயம்தான். படிப்ப நிறுத்தற பேச்சு வந்தா புதுமைப் பெண் திட்டத்துல கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்ச பொண்ணு காலேஜ் போனா மாசம் 1000 ரூபா வரும்னு கணக்கா சொல்லுங்க, தத்துவம் பேசறத விட அது வேலை செய்யும். பதினெட்டுக்கு முன்னாடி கல்யாணம்னு காதுல விழுந்தாலோ அடி ஓயாம போனாலோ யோசிக்காம குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் போடுங்க.

உங்க ஏரியா பொண்ணு கார்த்திகா கபடில 2025 ஆசிய இளையோர் போட்டில தங்கத்தோட பஹ்ரைன்ல இருந்து வந்துச்சே, அத காட்டி 'இப்படி வா'ன்னு மட்டும் சொல்லாதீங்க, எரிச்சல்தான் வரும். ஒரு பொண்ணு மொத நாள் ஷார்ட்ஸ் போட்டு கிரவுண்டுக்கு நடந்து போனா நம்ம தெரு என்ன பேசும்னு கேளுங்க, பொண்ணுங்க கொட்டித் தள்ளுவாங்க.

கேள்வி: அக்கா எனக்கு 16 வயசு. அம்மா ஹவுஸ் கீப்பிங் வேலைக்கு போறதால நான்தான் பாத்திரம் கழுவறேன். ஃப்ரெண்ட்ஸ் 'பொட்ட'ன்னு கூப்பிடறானுங்க. என்ன பண்ண?
(பெயர் வேண்டாம்)

பதில்: அடுத்த தடவ கூப்பிட்டா சண்டைக்கு போகாம 'ஏன்டா, பொண்ணுன்னா அது திட்டா? உங்கம்மாவும் பொண்ணுதானடா'ன்னு ஒரே ஒரு தடவ கேளு. எல்லாரையும் மாத்த முடியாது, கூட்டத்துல ஒருத்தன் சிரிக்காம நிப்பான் பாரு, அவன மட்டும் வீட்டுக்கு கூப்பிட்டு டீ போட்டு குடு. அப்புறம், அடிபிடிச்ச பானைய ராத்திரியே தண்ணி ஊத்தி ஊற வெச்சுட்டு படு, காலைல தேய்க்க கஷ்டமா இருக்காது.